மாப்பிள்ளையின் ஜாவா சர்வர்

தென்காசியில் எங்கள் வீட்டில் அன்று இருந்தவர்கள் நான், என் மனைவி முத்துவடிவு, மகன் உமாசங்கர், அவனை மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்ணின் அப்பா கடையம் கௌரிசங்கர். எங்கள் குடும்பத்தில் பேசிய சம்பந்தம் எதுவும் முறிந்ததில்லை.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை, அண்ணாச்சி?"

"ஒரு கம்பெனியோட ஜாவா சர்வர, அதான் அவுக வேலையெல்லாம் ஓடுத கம்ப்யூட்டர, வீட்டுல இருந்தே பாத்துக்கிடுதான். எல்லாம் புத்தகம் பாத்துப் படிச்சதுதான்," என்றேன்.

அப்போது போன் வந்தது. சர்வர் நின்றுவிட்டதாம். மகனும் மனைவியும் உள்ளே ஓடினார்கள்.

சற்று நேரத்தில் காபி வந்தது. கொண்டுவந்தவன் உமாசங்கர்.

"சர்வர் என்னாச்சு மாப்பிள்ளை?"

உள்ளேயிருந்து முத்துவடிவு குரல் கொடுத்தாள்: "ஏலே, புத்தகத்துல போட்டிருந்தபடி மெமரியக் கூட்டிட்டேன், ஓடுது. நீ சரி பண்ணினதாவே ஆபீசுல சொல்லிரு."

கௌரிசங்கர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு சம்பந்தத்துக்குச் சம்மதம் சொன்னார்.

பெண் வீட்டார் தனிக்குடித்தனம் கேட்டதாகக் குற்றாலம் வரை பேச்சு. அது பொய். மாமியார் முத்துவடிவும் கூடவே இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.