பாலத்தின் அடியில் புளிச்சாதம்

திறப்பதற்கு முன் பாலம் பாரம் தாங்குகிறதா என்று பார்க்க, மணல் ஏற்றிய லாரிகளை நேற்று அதன் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். பாலத்தை வடிவமைத்த மாசிலாமணி அப்போதே ஆற்றுக்குள் இறங்கி, லாரிகளுக்கு நேர் கீழே மணலில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. இன்று மதியம் அவர் மனைவி ஞானசெல்வி டிபன் கேரியரோடு வந்தாள்.

"நீ கார்ல போய் இரு. விழுந்தா நான் மட்டும் கீழ இருந்தாப் போதும்."

"அப்ப இந்தப் புளிச்சாதத்த எங்க வச்சிட்டுப் போறது?" என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டு நின்ற கம்பியின் கீழே கடிகாரம் போல ஒரு கருவி இருந்தது. அதன் முள் பூஜ்யத்தைவிட்டுத் தள்ளி நின்றது.

"என்னங்க இது?"

"பாலம் எவ்வளவு குனிஞ்சிருக்குன்னு காட்டுது."

"குனியலாமா?"

"குனியலாம். பாரம் எறங்கினதும் நிமிரணும்."

மேலே லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசி லாரியின் சத்தம் தேய்ந்ததும் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"என்னால பாக்க முடியல. முள்ளு எங்க வந்து நிக்குதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

முள் பூஜ்யத்தை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை ஞானசெல்வி பார்த்தாள். பிறகு கேரியரைத் திறந்து ஒரு கவளம் உருட்டினாள்.

"சொல்றேன். முதல்ல வாயத் திறங்க."