சுழி தெரியலை

"நேர்ல தொட்டுப் பாக்காம போன்லயே பொறுக்கற காலமாப் போச்சு," என்று சலித்துக்கொண்டார் பொள்ளாச்சிச் சந்தையின் பழைய மாட்டுத் தரகர் சீனிவாசலு.

மனைவி ராமாமணி போனை நீட்டினாள். "மூணு பொறுக்கோணுமுங்க. பையன் லைன்ல காத்திருக்கறான்."

"இதுக்குத் தொடை பத்தாது. அது கழுத்து நல்லாருக்குது, எடுத்துக்க. இந்தச் செவலை முரடு, உட்றாதே. அந்தக் கடைசியும் சேத்துக்க. ஒண்ணுக்கும் சுழியே தெரிய மாட்டேங்குது!"

"தொப்பி போட்டிருந்தா சுழி எப்படீங்க தெரியும்?"

அமெரிக்காவில் மகன் ரவிதேஜாவின் ஆபீஸில் பேஸ்பால் கணிப்புப் போட்டி. போனில் படமாக வந்த ஆட்டக்காரர்களில், பந்தை மைதானத்துக்கு வெளியே அதிகம் விளாசப்போகும் மூவரைச் சரியாகச் சொன்னால், ஒரு மாதம் லீவு.

"செயிச்சா மூணு வருசம் கழிச்சுப் பையன் ஊட்டுக்கு வருவானுங்க."

"லீவு கெடைச்சா மட்டும் வந்துபோடுவானாக்கும்!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார் சீனிவாசலு.