மேடையில் நின்ற எம்லின்

"என் புருஷனா நடிக்க உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? போயும் போயும் இந்த ரீஸ்தானா?"

முதல் வரிசையில் உட்கார்ந்தபடியே நெஸ்டா கத்தினாள். நிறைமாத வயிறு. குரலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

"எம்லினோட உயரத்துக்கும் தோளுக்கும் இந்த ஊர்ல வேற யார் இருக்கா தங்கச்சி? இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ" என்றார் தந்திக்காரர் ஹோரஸ்.

பொறுத்துக்கொள்வதாம்! போன வருஷம் சுரங்கத் தொழிலாளர் குத்துச்சண்டைப் போட்டியில் எம்லினிடம் உதை வாங்கியதிலிருந்து ரீஸ் அவனோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. எம்லின் நெவாடாவுக்கு ரயில் ஏறிய அன்று ஊரே ஸ்டேஷனில் கூடிப் பாடியது. ரீஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று அங்கே, ஹெவிவெயிட் உலக சாம்பியனோடு எம்லின் மோதுகிறான். ஒவ்வொரு குத்தும் உடனுக்குடன் தந்தியில் வரும். ஹோரஸ் அதை உரக்கப் படிக்கப் படிக்க, மேடையில் ரீஸ் எம்லினாகவும், கறிக்கடை கிளெம் சாம்பியனாகவும் அப்படியே செய்து காட்ட வேண்டும். ரயில் செலவுக்கு வழியில்லாத ஊர்களெல்லாம் சாம்பியன் சண்டையை இப்படித்தான் பார்த்தன.

"வீட்ல படுத்திருன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே, கேட்டியா நீ?" என்றாள் பக்கத்து வீட்டு மெக்.

"எப்படிக்கா படுக்கறது? போன தடவை அந்த சாம்பியன்கிட்ட குத்து வாங்கினவன் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கிடக்கிறானாம். இவர் ஜெயிக்கவே வேண்டாம். உசுரோட திரும்பி வந்தா போதும்."

மணி அடித்தது.

"எம்லின், இடது கை, தாடையில்!" என்றார் ஹோரஸ். ரீஸ் குத்தினான். கிளெம் தள்ளாடினான். கூட்டம் கூரை அதிரப் பாடியது. முதல் ரவுண்டு நம்ம ஊருக்குத்தான்.

இரண்டாவது ரவுண்டில் ஹோரஸின் குரல் பாதியில் நின்றது. கையில் இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர், விறுவிறுவென்று மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றருகே போய் ரீஸின் காதில் ஏதோ சொன்னார். ரீஸும் அவர் காதில் ஏதோ சொன்னான்.

"ஆட்டத்துக்கு நடுவுல என்ன ரகசியம்? ஏதோ கோல்மால் பண்றாங்க" என்றாள் நெஸ்டா.

ஹோரஸ் திரும்பி வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். "சாம்பியன், இடது கை... சாம்பியன், வலது கை..."

அதற்குப் பிறகு ரீஸ் ஆளே மாறிப்போனான். பதிலுக்குக் கை ஓங்கினால்தானே! கிளெம் குத்த, இவன் வாங்க, கிளெம் குத்த, இவன் வாங்க. மாட்டுத் தொடையைத் தோளில் தூக்கி நடப்பவன் கிளெம். அவன் நடிப்புக்குக் குத்தினாலே பல் ஆடும். ரீஸின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"எங்க எம்லின் இப்படியா அடி வாங்குவான்?" என்று ஒருவன் ஆப்பிளை விட்டெறிந்தான்.

"ஹோரஸ், படிச்சதையே படிக்கிறீரே, தூக்கமா?" என்றான் இன்னொருவன்.

"விழுந்து தொலையேன்டா, எனக்குக் கை வலிக்குது" என்று கிளெம்மே கெஞ்சினான்.

ரீஸ் விழவில்லை. ஒவ்வொரு ரவுண்டு முடியும்போதும் ஹோரஸைப் பார்த்தான். ஹோரஸ் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். ரீஸ் முக்காலியிலிருந்து மறுபடியும் எழுந்து, கிளெம்முக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"பார்த்தியாக்கா அவன் வயித்தெரிச்சலை? என் புருஷனை ஊருக்கு முன்னால கையாலாகாதவனா காட்டறான். பாவி!" நெஸ்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு ஆறுதல்: இவன் நிற்கிறான் என்றால், அங்கே அவரும் நிற்கிறார்.

பதினோராவது ரவுண்டு. மேடையை ஒட்டியிருந்த தந்தி அறையில் டக் டக்கென்று சத்தம். உள்ளே ஓடிய ஹோரஸ், ஒரு சீட்டை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். ரீஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவ்வளவுதான். கிளெம்மின் கை இன்னும் பாதி வழியில்தான் வந்துகொண்டிருந்தது. ரீஸ் பொத்தென்று பலகையில் மல்லாந்தான். கிளெம் தன் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். கீழே கிடந்த ரீஸ் கிழிந்த வாயோடு சிரித்தான்.

கூட்டம் கொதித்துப்போனது. "மோசடி! படாத குத்துக்கு விழறான், சிரிக்க வேற செய்யறான்!"

மெக் பிடித்து இழுத்தும் கேளாமல் நெஸ்டா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மேடை ஏறினாள்.

"என் புருஷன் தோத்ததுல உனக்கு அவ்வளவு சந்தோஷமாடா? எழுந்திரு! நான் ஒண்ணு குடுக்கறேன்!"

ரீஸ் கையை ஊன்றி எழப் பார்த்தான்.

ஹோரஸ் குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "அடிச்சிடாதே தங்கச்சி. எம்லின் எழுந்து உட்கார்ந்துட்டான். பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். டீ கேட்டானாம். உன்னையும் விசாரிச்சானாம்."

"எழுந்துட்டாரா? இப்பத்தானே விழுந்தார்? அதுக்குள்ள டாக்டர் எங்க வந்தார்?"

"இப்ப இல்லம்மா. அங்கே ரெண்டாவது ரவுண்டுலயே விழுந்துட்டான். பேச்சு மூச்சே இல்ல. 'நெஸ்டா இந்த நிலைமையில தாங்க மாட்டா. எம்லின் கண்ணைத் திறந்தான்னு தந்தி வர்ற வரைக்கும் நீங்க எதையாவது படிச்சுக்கிட்டே இருங்க, நான் விழமாட்டேன்'னு இவன்தான் என் காதுல சொன்னான்."