தலைகீழாக நட்ட கப்பை

“ஜூலை பன்னிரண்டு, சனி. போன வாரம் கப்பைக் கம்புகளைத் தலைகீழாக நட விட்டது என் பிழை. மொட்டு மேலே பார்க்க வேண்டும். அதனால் அந்த விளைச்சல் செல்லாது.”

ஸாதனா டயரியைப் படித்து முடித்ததும் அனில் தலையில் கை வைத்தான்.

“எடீ, நமக்குக் கப்பை தின்னத்தான் தெரியும். மொட்டு மேலேயா கீழேயான்னு யாரு கண்டா?”

சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் மூவரும் கூடுவார்கள். ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேசிப் பேசியே ஆடும் விளையாட்டு. கதைப்படி உலகம் அழிந்துவிட்டது. அனிலும் சங்கர்ராமும் போரிலிருந்து மீண்ட சிப்பாய்கள்; துப்பாக்கி தவிர வேறெதுவும் தெரியாதவர்கள். இனி கப்பை என்கிற மரவள்ளியை நட்டுத்தான் பிழைக்க வேண்டும். விதிகளைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவள் ஸாதனா.

“பிடுங்கி மறுபடி நடுங்கோ. அறுவடை அடுத்த வாரம்.”

“அடுத்த வாரம் வேண்டாம், ஸாதனா. இன்னிக்கே முடிச்சுடலாம்.” சங்கர்ராம் கெஞ்சினான்.

“நாளைக்கு உனக்குக் கல்யாணமோடா?” அனில் சீண்டினான். “அதுக்குத்தான் இந்தப் புழுக்கத்திலேயும் தொப்பியா, மணவாளா?”

சங்கர்ராம் சிரித்தான், தொப்பியைத் தொடவில்லை. “என் சிப்பாய் ஒரு கிழங்காவது தோண்டித் தின்னணும். அவ்வளவுதான்.”

ஸாதனாவுக்குக் குழப்பம். விதியை மீறவும் மனமில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

“சரி, பத்து மாசத்தை ஒரே பகடை உருட்டிலே தாண்டறேன். நாலுக்கு மேலே விழுந்தா விளைச்சல். இல்லைன்னா அடுத்த வாரம்தான்.”

டயரியை மறைவாக நிறுத்திப் பகடையை உருட்டினாள். இரண்டு.

“அஞ்சு” என்றாள். ஆட்டத்தில் அவள் சொன்ன முதல் பொய்.

சங்கர்ராம் கண்ணை மூடிக்கொண்டான். “தோண்டறேன்... மண்ணைத் தட்டறேன்... கிழங்கு என் கை நீளம் இருக்கு! அனிலே, அடுப்பை மூட்டு.”

“விறகு ஏதுடா?”

“என் துப்பாக்கிக் கட்டையை உடைச்சு வை. இனிமே அது எதுக்கு?”

சாயாவை உறிஞ்சியபடி, இல்லாத கப்பையை மூவரும் தின்று முடித்தார்கள். எழுந்தபோது சங்கர்ராம் தொப்பியைக் கழற்றினான். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது.

“நாளைக்குக் காலம்பற வண்டி. பட்டாளத்திலே சேரறேன். போறதுக்கு முன்னாடி, திரும்பி வந்தவனா ஒரு தடவை இருந்து பாக்கணும்னு தோணித்து.”

ஸாதனா டயரியைத் திறந்து எழுதினாள்: ‘நாளை: விடியுமுன் கப்பை வேகவைத்து ஸ்டேஷனுக்கு எடுத்துப் போக வேண்டும்.’