ஒரே டப்பா

அன்று காலையும் என் வீட்டுக்காரர் டப்பாவிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்தார். ஒன்றை மோரில் விழுங்கிவிட்டு, மற்றதை மதில் வழியாகப் பக்கத்து வீட்டுத் தாவீதிடம் நீட்டினார். மதியம் இறந்துபோனார்.

இருவருக்கும் ஒரே இருதய நோய். இருவரும் ஒரே மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று முடியும்வரை சொல்ல மாட்டார்கள். "ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு மாவுன்னா நல்லாவா இருக்கும்? கலந்துருவோம்லே" என்று இவர்தான் இருவருடைய மாத்திரைப் புட்டிகளையும் ஒரே டப்பாவில் கொட்டினார்.

ஆராய்ச்சி முடிந்ததும் டாக்டர் வந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு மாவுதாம்மா விழுந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க அப்படியும் ஆள் வேணும்ல. தாவீது நல்லாயிருக்காரு, பாருங்க. மருந்து வேலை செய்யுது" என்றார். நான் கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

டப்பா விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ!" என்று தலையில் கைவைத்தார். என் புருஷனுக்காக அந்த வாயிலிருந்து வராத ஐயோ. "யார் எதைச் சாப்பிட்டாங்கன்னு இனி எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

மிச்சமிருந்தவற்றை அவர் முன்னால் தட்டில் கொட்டினேன். அவர்கள் செய்து கொடுத்தபடியே, எல்லாம் ஒரே வெள்ளை.