கூடுதலாக ஒரு பிரேக்

"பிரேக் பிடிக்கலையா? எந்த வண்டியில? நான் கை வச்ச வண்டியிலயா?"

சாரங்கபாணிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"அவருதாங்க அப்படிச் சொன்னாரு" என்றாள் வேம்பு. எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பத்து நாளுக்குள்ள ரெண்டு தடவை வண்டி வெண்ணாத்துல எறங்கிடுச்சு. ரெண்டாவது தடவை நான் படித்துறையிலதான் துணி அலசிக்கிட்டு இருந்தேன். என் கண்ணு முன்னாடியே எறங்குச்சு. நாந்தான் தலைமுடியப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டேன். கேட்டா, பிரேக் புடிக்கலங்கறாரு. தனியா ஒரு கைப்பிரேக் வச்சுக் குடுங்க. இன்னிக்கே வேணும்."

வீரையனின் மூன்று சக்கர பைக் பட்டறை வாசலில் காய்ந்த சேற்றோடு நின்றது. பின்னால் இரண்டு சக்கரம் பூட்டியது சாரங்கபாணி. போன இடது காலுக்குப் பதிலாகக் கையால் கியர் போடக் கம்பி வைத்ததும் அவர்தான். கூத்தாநல்லூர் வட்டாரத்தில் கால் இல்லாதவர்களுக்கு வண்டி என்றால் அவர் பட்டறைதான். மனுஷனை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வார், வேலையைச் சொன்னால் பொறுக்கமாட்டார்.

வண்டியில் ஏறினார். தெருக்கோடி வரை போய்த் திரும்பி, வந்த வேகத்திலேயே பட்டறை முன்னால் பிரேக்கை அழுத்தினார். வண்டி அடித்து வைத்தது போல் நின்றது.

"பாத்தியாம்மா? இதையா பிடிக்கலைன்னு சொன்னாரு உன் வீட்டுக்காரரு?"

"பாத்தேங்க. இருந்தாலும் கைப்பிரேக் ஒண்ணு வைங்க."

"ஏம்மா, அவருக்குப் போனது இடது கால். கால் பிரேக் இருக்கறது வலது பக்கம். முன் சக்கரத்துப் பிரேக் கையிலயே இருக்கு. மூணாவதா ஒண்ணு எதுக்கு? ரயிலா ஓட்டப் போறாரு?"

"நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவணுங்க. தீர்ப்பு."

சாரங்கபாணியின் குரல் இறங்கிவிட்டது. அந்த வழக்கு இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. வீரையனின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத ஒன்பது மா நிலம். குத்தகையே இல்லை என்று சொல்லிப் பண்ணை ஆட்கள் விளைந்த வயலில் அறுப்பு மெஷினை இறக்கினார்கள். வீரையன் குறுக்கே போய் நின்றான். மெஷின் நிற்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் போலீசில் சொன்னான். அதற்கு மேல் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். கால் கணக்கு அதோடு தீர்ந்தது. நிலத்து வழக்குதான் ஆறு வருஷமாக இழுத்தது.

"அப்ப கட்சிக்காரங்கள்லாம் வந்து நின்னாங்களேம்மா?"

"ரெண்டு கட்சியும் வந்தாங்க. ஒருத்தரு இந்த பைக்கை வாங்கிக் குடுத்தாரு. இன்னொருத்தரு சால்வை போத்துனாரு. நிலம் என்னாச்சுன்னு கேட்டதும் ரெண்டு பேருமே கார்ல ஏறிட்டாங்க."

"தீர்ப்பு எப்படி வருமாம்?"

"நமக்கு வராதுன்னு வக்கீல் நேத்தே சொல்லிட்டாரு. இவரு காதுல விழற மாதிரிதான் சொன்னாரு."

சாரங்கபாணி டீக்கடைப் பக்கம் பார்த்தார். வீரையன் டீயைக் கையில் வைத்திருந்தான், குடிக்கவில்லை. ஆடை கட்டிப்போயிருந்தது.

"பஸ்லயே போயிட்டு வந்துடுங்களேம்மா."

"கெஞ்சிப் பாத்துட்டேங்க. பைக்லதான் போவேங்கறாரு. வரும்போது ஆத்தங்கரை ரோட்டுலதான் வருவாராம். சரி, பின்னாடி நானும் ஏறிக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அட, பொண்டாட்டி பின்னாடி உக்காந்தா அதை விட வேற பிரேக் வேணுமா?" சாரங்கபாணி தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

வேம்பு சிரிக்கவில்லை. அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பழைய லோடு ஆட்டோவில் கழற்றி வைத்திருந்த கைப்பிரேக் ஒன்றைத் தேடி எடுத்துவந்து மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். பின் சக்கரத்திலிருந்து கேபிளை இழுத்து அளவு பார்த்தார். இழுத்துப் பிடித்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வெல்டிங் வைப்பதற்கு முன்னால், சீட்டுக்கு வலது பக்கம் சாக்பீசால் ஒரு கோடு போட்டார்.

"இங்க வச்சா அவருக்கு வாகா இருக்கும்."

வேம்பு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் பின்னாடிங்க."

கோட்டை விரலால் அழித்துவிட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டார்.

"இன்னும் பின்னாடி."

அதையும் அழித்துவிட்டு இன்னொரு சாண் தள்ளிப் போட்டார். அவள் அதற்கும் தலையாட்டவில்லை. சாரங்கபாணி சாக்பீசைத் தரையில் வைத்துவிட்டார்.

"இதோ பாரும்மா, முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன். இப்பவே அவரு திரும்பி உக்காந்தாத்தான் பிடிக்க முடியும். இதுக்கு மேல பின்னாடி போனா அவரு கைக்கு எட்டவே எட்டாது."

"எட்ட வேணாங்க. என் கைக்கு எட்டுனாப் போதும்." வேம்பு டீக்கடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பிரேக் புடிக்கலன்னு சொன்னா அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். படித்துறையிலேர்ந்து நான் பாத்தேங்க... அவரு பிரேக்கு மேல காலை வைக்கவே இல்ல."