நேரானவர்களுக்கு மட்டும்

கொதிக்கும் இரும்புக் கலனுக்குள், மூலக்கூறுகளைச் சலித்து அனுப்பும் சியோலைட் என்ற நுண்துளைக் கல்மணி ஒன்று கிடந்தது. அதன் உடம்பெல்லாம் ஊசிமுனைகூட நுழையாத வாசல்கள். அதில் ஒரு வாசலுக்கு உள்ளே கோணையன் என்கிற மூலக்கூறு மாட்டிக்கொண்டிருந்தான். அவன் அங்கேயே பிறந்தவன். அவனுடைய இரண்டு கைகளும் ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க,” என்றான்.

“கை ரெண்டும் எதிரெதிரா இருந்தாத்தான் விடுவேன்,” என்றது வாசல். “போன வாரம்தான் கலனை நடத்துறவங்க வந்து என்னை இன்னும் குறுக்கிப் பூசிட்டுப் போனாங்க. உன்னை மாதிரி ஒருத்தன் வெளிய போனாலும் என் பேர் கெட்டுடும்.”

கையைப் பிடுங்கி இடம் மாற்றி நடும் சக்தி மணியின் உட்சுவருக்கு இருந்தது. கோணையன் போய் அதில் முட்டினான். உயிர் போய் உயிர் வந்தது. கை ஓரிடம்தான் நகர்ந்தது. அவனைப் போலவே காத்துக் கிடந்தவர்கள் சூடு தாங்காமல் ஒருவரோடு ஒருவர் ஒட்டி, கருகிக் கரியானார்கள். அதைப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை. மறுபடி முட்டினான். கை எதிர்ப்பக்கம் போய் நின்றது.

“அண்ணே, நேராயிட்டேன்! பாருங்க!” என்று ஓடிவந்தான்.

வாசல் முழுக்கக் கரி அப்பியிருந்தது.

“தெரியுதுப்பா,” என்றது வாசல் ஈனக்குரலில். “ஆனா, இனி யாருக்கும் வழி இல்லையே.”

கலனுக்கு வெளியே யாரோ கைதட்டுவது கோணையனுக்குக் கேட்டது.

“சபாஷ்! இன்னைக்கு ஒரு கோணல்கூட வெளிய வரல!”